செத்த பெண்சாதியும் சினிமாத் தெய்வமும்

நமது நாட்டுச் சினிமாப் படங்களில் ஒரு பெண்ணுக்கு மதிப்பும் மரியாதையும் ஏற்பட வேண்டுமானால் அவள் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது நம்மைக் கேட்பார்களானால், அவள் செத்துப்போக வேண்டும் என்றுதான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவரையில் அவள் நகை கேட்கிறாள், மாமியாரோடு மல்லுக்கு நிற்கிறாள், புருஷன் கையால் அறை வாங்குகிறாள், நகைச்சுவைக்காரனுடைய கேலிக்கு ஆளாகிறாள். அவள் மூச்சு நின்ற மறு நிமிஷத்திலிருந்து சங்கதியே வேறு. சுவரிலே பெரிய படம், படத்துக்குச் சந்தன மாலை, மாலைக்குக் கீழே அணையாத விளக்கு, விளக்குக்கு எதிரே கண்ணீரோடு கதாநாயகன். அவள் வாழ்ந்த காலத்தைத் திருப்பிக் காட்டும்போது படம் பிடிக்கிறவர்களுக்கு வெளிச்சங்கூட வேறு விதமாகக் கிடைத்துவிடுகிறது. காற்றிலே கூந்தல் பறக்கச் சிரிக்கிறாள், மழையிலே நனைகிறாள், ஒரு பாட்டுப் பாடுகிறாள், போய்விடுகிறாள். அந்தச் சரித்திரத்தில் அவள் ஒரு நாளாவது தலைவலி என்று படுத்ததில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொன்னதில்லை. ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறீர்கள் என்று புருஷனைக் கேட்டதில்லை. செத்த எருமைதான் அதிகம் கறந்தது என்று கிராமத்தார் கேலியாகப் பேசிக்கொள்வதுண்டு. அந்தக் கேலியை இவர்கள் கலை என்ற பெயரால் நம்மிடம் டிக்கெட்டுப் போட்டு விற்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது, துக்கப்படுவதையே நாம் குற்றமென்கிறோம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கூட வாழ்ந்த ஒருவர் போய்விட்டால் மனம் வருந்துவது மனித சுபாவம். பகுத்தறிவுக்காரனுக்கும் கண்ணீர் உண்டு. செத்தவர் படத்தை வீட்டில் மாட்டி வைப்பதிலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. முகம் மறந்துபோகாமல் இருப்பதற்கு அது ஒரு வழி. நாம் ஆட்சேபிப்பதெல்லாம் புளுகைத்தான். இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்லுவதால் செத்தவருக்கு ஒரு காசு பிரயோஜனம் உண்டா? அவருக்குக் காது இல்லை, கேட்கப் போவதில்லை. அப்படியானால் அந்தப் புகழ்ச்சி யாருக்காகச் செய்யப்படுகிறது, யார் தலையில் போய் விழுகிறது என்பதையாவது யோசிக்க வேண்டாமா? அது விழுகிற தலை உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் தலை என்பதுதான் நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புவது.

1963-ம் வருஷத்தில் வந்த "கற்பகம்" என்ற படத்தை வயதான வாசகர்கள் கொட்டகையிலும், இளைஞர்கள் வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்த்திருக்கலாம். கே. எஸ். கோபாலகிருஷ்ணன் அவர்கள் எடுத்தது. கே. ஆர். விஜயா அவர்களுக்குக் கதாநாயகியாக அதுவே முதற்படம். படத்தில் ஆண் குரலில் ஒரு பாட்டுக்கூட இல்லை, எல்லாம் பி. சுசீலா அவர்கள் பாடியவையே. அதில் கிடைத்த பணத்தைக்கொண்டு அதே பெயரில் ஒரு ஸ்டூடியோவே ஏற்பட்டது என்றால் ஜனங்கள் அதை எப்படி வரவேற்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கதை என்ன? கற்பகம் என்கிற மருமகளாகவும் மகளாகவும் உத்தமி ஒருத்தி, குழந்தையைக் காப்பாற்றப் போய் மாடு முட்டிச் சாகிறாள். அவளுடைய தகப்பனார், எஸ். வி. ரங்காராவ் அவர்கள் நடித்த பாத்திரம், மருமகன் தனியாக வாடுவதைப் பார்க்கச் சகியாமல் தாமே முன்னின்று அவனுக்கு வேறு பெண்ணைக் கட்டிவைக்கிறார். மகளைப் பறிகொடுத்த ஒருவர் மருமகனுக்கு மறுமணம் செய்துவைப்பது மிகவும் நல்ல காரியம். அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அந்த அளவோடு கதை நின்றிருந்தால் இந்தத் தலையங்கத்துக்கு வேலையில்லை.

ஆனால் வந்த பெண்ணின் கதி என்ன? அமுதா என்ற அந்தப் பெண், சாவித்திரி அவர்கள் ஏற்ற வேஷம், புருஷன் வீட்டுக்கு வந்த நாள்முதல் ஒரு செத்தவளோடு போட்டி போட வேண்டியவளாகிறாள். கட்டினவன் அவளை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவன் மனமெல்லாம் போனவளிடத்தில். தாலி கட்டும்போது இந்த மனம் எங்கே போயிருந்தது என்று கேட்பாரில்லை. பொறுத்துக்கொண்டும், ஊழியம் செய்தும், குழந்தையின் அன்பைச் சம்பாதித்தும் அவள் தன்னுடைய உரிமையைப் பிச்சையாகப் பெற வேண்டியிருக்கிறது. கொட்டகையில் இருந்த தாய்மார்கள் அவ்வளவு பேரும் கற்பகத்துக்காக அழுதார்கள். அமுதாவுக்காக எத்தனை பேர் கோபப்பட்டார்கள்? அழுகை வருகிற இடத்தில் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மாதிரிக் கதைகளின் சாமர்த்தியம்.

இதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1961-ல், பீம்சிங் அவர்கள் எடுத்த "பாலும் பழமும்" இதைவிட ஒரு படி மேலே போயிற்று. டாக்டர் ஒருவர்; அவருக்கு உதவியாக இருந்த நர்ஸ் சாந்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அவளுக்குக் காசம் வருகிறது. தன்னைக் கவனிப்பதால் புருஷனுடைய ஆராய்ச்சி கெடுகிறதே என்று அவள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். செத்துவிட்டாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பிறர் வற்புறுத்தலால் டாக்டர், சௌகார் ஜானகி அவர்கள் நடித்த நளினியைக் கட்டிக்கொள்கிறார். கட்டிக்கொண்டு, சாந்தியின் நினைவிலேயே காலம் தள்ளுகிறார். பிறகு சாந்தி பிழைத்துத் திரும்பி வருகிறாள், இன்னாரென்று தெரியாமல் அதே வீட்டில் நர்ஸாக இருக்கிறாள், கடைசியில் உண்மை வெளியாகிறது. வெளியானதும் நளினி தானாகவே ஒதுங்கிக்கொள்கிறாள்.

இதிலே சாந்தி செய்த தியாகத்தைப்பற்றிப் பேசாத வாயில்லை. அவள் செய்தது தியாகமோ, பைத்தியக்காரத்தனமோ, அது நிற்க. காசத்துக்கு மருந்து உண்டு என்பது 1961-ல் டாக்டர் வீட்டில் தெரியாத சங்கதி அல்ல. ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. டாக்டர் பெண்சாதி மருந்து சாப்பிடாமல் ஊரைவிட்டு ஓடுவதை உத்தமம் என்று காட்டினால், அதைப் பார்க்கிற கூலிக்காரன் பெண்சாதி என்ன பாடம் படிப்பாள்? நாம் கேட்பது நளினியைப் பற்றி. அவள் யாருக்கு என்ன தீங்கு செய்தாள்? கூப்பிட்டார்கள், வந்தாள். கட்டினான், வாழ வந்தாள். அவளிடம் குற்றம் இருந்ததென்றால் சந்தேகப்பட்டதும் ஆத்திரப்பட்டதுமே. தன் புருஷன் இன்னொருத்தி பெயரையே ஜபித்துக்கொண்டிருக்கும்போது ஆத்திரப்படாதவள் பெண்ணா, பொம்மையா? அந்தப் படத்தில் இயற்கையாக நடந்துகொண்ட ஒரே பாத்திரம் நளினிதான் என்பது நமது அபிப்பிராயம். அவளைத்தான் கதை வெளியே அனுப்பியது.

இப்படி எழுத சினிமாக்காரர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால், அவர்கள்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. நம்முடைய வீட்டுக் கொல்லையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். புருஷனுக்கு முந்திச் செத்தவளை நம்மவர்கள் என்னவென்று சொல்லுகிறார்கள்? "மஞ்சள் குங்குமத்தோடு போனாள், கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள். முப்பது வயதில், பிரசவத்தில், மூன்று குழந்தைகளைத் தவிக்கவிட்டுப் போனவளைக்கூடக் கொடுத்து வைத்தவள் என்று சொல்லத் துணிகிற ஜனங்கள் நாம். அவளைப் பூவாடைக்காரி என்று பெயரிட்டுப் புதுச்சேலை படைத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் தொண்டை நாட்டுப் பக்கம் ஏராளம். கல்யாணம் என்றால் முதலில் அவளுக்குப் படையல். பார்ப்பனர் வீடுகளில் இதுவே சுமங்கலிப் பிரார்த்தனை என்று நடக்கிறது. இரண்டாந்தாரமாக வந்தவளுக்குக் காய்ச்சல் வந்தால் மூத்தாள் பிடித்துக்கொண்டாள் என்று பூசாரியிடம் இழுத்துப்போவதும் உண்டு. உயிரோடிருந்த காலத்தில் அவளுக்கு வேளைக்கு மருந்து வாங்கிக்கொடுத்தார்களா, வருஷத்துக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக்கொடுத்தார்களா என்பதை விசாரித்துப் பார்த்தால், படையலின் அளவுக்கும் பட்ட பாட்டின் அளவுக்கும் சம்பந்தம் விளங்கும். தெய்வங்கள் எப்படி உற்பத்தியாகின்றன என்பதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. சினிமாக்காரன் இந்தக் கொல்லைத் தெய்வத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்குக்குப் பதில் மின்சார விளக்குப் போட்டிருக்கிறான், அவ்வளவே.

சரி, பெண்சாதி செத்தால் இப்படி. புருஷன் செத்தால்?

இங்கேதான் புரட்டு முழுவதும் வெளியாகிறது. பெண்சாதி செத்தால் புருஷன் புதுமாப்பிள்ளை என்று பழமொழியே இருக்கிறது. செத்தவளைத் தெய்வமாக்குவதால் ஆணுக்கு எந்த வழியும் அடைபடுவதில்லை. அவனுடைய சோகம் அவனுக்கு ஒரு அழகு. அதைப் பார்த்தே இன்னொரு பெண் அவன்மேல் இரக்கங்கொண்டு வந்துவிடுகிறாள். ஆனால் செத்த புருஷனைத் தெய்வமாக்கினால், அந்தத் தெய்வம் சுவரில் இருந்துகொண்டு உயிரோடிருக்கும் பெண்சாதியைக் காவல் காக்கிறது. அவள் என்ன உடுத்துகிறாள், எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆணுக்கு மாலை போட்ட படம் ஒரு அலங்காரம். பெண்ணுக்கு அது ஒரு ஜெயில் வார்டர்.

1941-ல் ஒய். வி. ராவ் அவர்கள் "சாவித்திரி"யைப் படம் பிடித்தார். எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் அதில் நாரதராக வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாடகமாகவும் காலட்சேபமாகவும் அந்தக் கதை எத்தனை ஆயிரம் தடவை நடந்திருக்கும்! எமனைப் பின்தொடர்ந்து போய்ப் புருஷன் உயிரை மீட்டு வந்தாள் என்று சொல்லி, இன்றைக்கும் காரடையான் நோன்பு நோற்கச் செய்கிறார்கள். அதே பாரதத்தில் ஆதிபருவத்தில் ருரு என்று ஒருவன் கதை இருக்கிறது. தான் மணக்க இருந்த பிரமத்வரை பாம்பு கடித்துச் செத்துப்போக, தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து அவளைப் பிழைக்கவைத்தான் என்பது கதை. கதை என்ற அளவில் இரண்டும் ஒரே பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பாடிய பாகவதர் யார்? ருருவுக்காக ஆண்கள் நோற்கிற நோன்பு எது? பொய்யில்கூட ஆணுக்குச் செலவு வைக்கிற பொய்யை ஒளித்து, பெண்ணுக்குச் செலவு வைக்கிற பொய்யை ஊருக்கு ஊர் பரப்பினார்கள்.

சட்டமும் இப்படித்தான் இருந்தது. விதவை மறுமணம் செல்லும் என்று 1856-ல் வெள்ளைக்காரன் காலத்தில் சட்டம் ஏற்பட்டது. மிகப் பெரிய சீர்திருத்தம் என்று புகழப்பட்டது. அதன் இரண்டாவது பிரிவைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். மறுமணம் செய்துகொள்ளும் விதவை, அந்தக் கணத்திலேயே செத்துப்போனவளாகக் கருதப்பட்டு, முதற்புருஷன் சொத்தில் அவளுக்குள்ள பாத்தியதை ஒழிந்துவிடும் என்பது அதன் கருத்து. புருஷன் செத்தான்; பெண்சாதி கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சட்டம் அவளையும் சாகடித்தது. பெண்சாதியை இழந்த ஆண் எத்தனை கல்யாணம் செய்துகொண்டாலும் அவனுடைய ஒரு சென்ட் நிலம் குறைந்ததில்லை. அந்தச் சட்டம் 1983-ல்தான் புஸ்தகத்திலிருந்து நீக்கப்பட்டது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தில்கூட, மறுமணம் செய்துகொண்ட சில வகை விதவைகளுக்கு வாரிசுரிமை இல்லை என்று இருந்த 24-வது பிரிவு, 2005-ல்தான் எடுக்கப்பட்டது. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் விதவை மணமும் பெண்ணுக்குச் சொத்தும் வேண்டும் என்று தீர்மானித்தபோது சிரித்தவர்கள் உண்டு. சட்டம் அங்கே வந்துசேர அவ்வளவு காலமாயிற்று.

சட்டம் மாறினாலும் சினிமா மாறவில்லை. 1969-ல் இந்தியில் "ஆராதனா" என்று ஒரு படம் வந்தது. நாடு முழுவதும் ஓடியது. பெயருக்கு அர்த்தமே பூசை என்பதுதான். ஒளித்துக் கல்யாணம் செய்துகொண்ட விமானக்காரன் செத்துப்போகிறான். அவனுடைய நினைவையே பூசித்துக்கொண்டு அந்தப் பெண் வாலிபத்தையெல்லாம் கழிக்கிறாள், ஜெயிலுக்குக்கூடப் போகிறாள். அதற்குக் கூலியாகப் படம் அவளுக்குக் கொடுப்பது, செத்தவன் முகத்தையே உரித்து வைத்த ஒரு மகன். இரண்டு வேஷமும் ஒரே நடிகர். தமிழில் 1974-ல் "சிவகாமியின் செல்வன்" என்று சிவாஜி கணேசன் அவர்களும் வாணிஸ்ரீ அவர்களும் நடித்து வந்ததும் இதே கதைதான். புருஷன் போனால் என்ன, அதே மூக்கும் முழியுமாக மகன் வருவான், அதுவரை காத்திரு என்கிறார்கள். மகள் பிறந்திருந்தால் என்ன செய்வார்களோ தெரியவில்லை.

விதவைக்குக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று துணிகிற படங்களிலும் கடைசி நேரத்தில் கை நடுங்கிவிடுகிறது. 1975-ல் வந்த "ஷோலே"யில் விதவையான மருமகளுக்கு மறுமணம் செய்துவைக்க மாமனாரே முன்வருகிறார். நல்லது என்று நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள், கட்டிக்கொள்ள இருந்தவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த "கடீ பதங்" என்ற இந்திப் படத்தில் கதாநாயகன் ஒரு விதவையைக் காதலிக்கிறான். என்ன தைரியம் என்று பார்த்தால், அவள் விதவையே அல்ல. செத்துப்போன சிநேகிதிக்குக் கொடுத்த வாக்குக்காக விதவை வேஷம் போட்டவள். வைதிகனுக்கும் திருப்தி, சீர்திருத்தக்காரனுக்கும் திருப்தி. இப்படி இரண்டு பக்கமும் சில்லறை வாங்குகிற வியாபாரத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

தமிழில் நல்ல கெட்டிக்காரத்தனத்தோடு எடுக்கப்பட்ட படங்களிலும் இந்தப் பயம் இருக்கிறது. 1986-ல் மணிரத்னம் அவர்கள் எடுத்த "மௌன ராக"த்தில், கதாநாயகியின் பழைய காதலன் பதிவுக் கல்யாணத்துக்கு வந்துகொண்டிருக்கும்போதே சுடப்பட்டுச் சாகிறான். ஐந்து நிமிஷம் கழித்துச் செத்திருந்தால் அவள் விதவை. அப்புறம் அவளை இன்னொருவனோடு டெல்லிக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துப் போடும் முன்பே ஆளைத் தீர்த்துவிட்டதில் இருக்கிற கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2013-ல் வந்த "ராஜா ராணி"யில் ஆணுக்கும் ஒரு பழைய காதல், பெண்ணுக்கும் ஒரு பழைய காதல். ஆணுடைய காதலி நிஜமாகவே விபத்தில் சாகிறாள். பெண்ணுடைய காதலனோ செத்தான் என்று சொல்லப்பட்டு, பிறகு உயிரோடு வந்து நிற்கிறான், அதுவும் அவளைக் கைவிட்டுப்போன கோழையாக. ஆண் மனத்தில் செத்தவளைப் பூசிக்க இடம் உண்டாம். பெண் மனத்தில் அந்த இடத்தைக் காலி செய்துவிட வேண்டுமாம். ஒரே படத்துக்குள் இரண்டு நியாயம்.

போலீஸ்காரர் கதைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2006-ல் "வேட்டையாடு விளையாடு", 2016-ல் "தெறி" என்று வரிசையாக, அதிகாரியின் பெண்சாதி கொல்லப்படுகிறாள். அதிகாரி பழிவாங்கப் புறப்படுகிறார். அந்தப் பெண்களுக்கு அழகும் அன்பும் உண்டு, பாட்டு உண்டு, சாவு உண்டு. அவர்களுக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்ததா என்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். துப்பாக்கி வெடிப்பதற்கு மருந்து வேண்டும். அந்த மருந்துதான் அவர்கள்.

செத்த பெண்சாதியைப் பற்றிய புளுகு நம் நாட்டில் மட்டும் இருப்பதாக நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் புளுகைப் பிட்டுக் காட்டிய கதையும் வெளிநாட்டில் உண்டு. இங்கிலாந்தில் டாஃப்னி டு மோரியர் என்ற பெண்மணி 1938-ல் "ரெபெக்கா" என்ற நாவலை எழுதினார். 1940-ல் ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தார். பெரிய மாளிகைக்கு இரண்டாந்தாரமாக ஒரு ஏழைப்பெண் வருகிறாள். வீட்டில் எங்கே திரும்பினாலும் செத்துப்போன முதல் பெண்சாதி ரெபெக்காவின் பெயர். அவள் சீப்பு, அவள் உடுப்பு, அவள் கையெழுத்து எல்லாம் அப்படியே. வீட்டை மேற்பார்க்கும் கிழவி ஒருத்தி, அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே புதியவளைச் சாகத் தூண்டுகிற அளவுக்குப் போய்விடுகிறாள். கதை முழுவதிலும் செத்தவளுக்குப் பெயர் உண்டு, உயிரோடிருப்பவளுக்குப் பெயரே கொடுக்கப்படவில்லை. கடைசியில் பார்த்தால், உலகம் பூசித்த ரெபெக்காவைப் புருஷன் நேசிக்கவே இல்லை, வெறுத்தான் என்றும், அவள் சாவுக்கு அவனே காரணம் என்றும் தெரியவருகிறது. நாவலில் அவனே சுட்டுக் கொன்றான். படத்தில் அவள் தவறி விழுந்து செத்ததாக மாற்றினார்கள், கொலைகாரன் தண்டனை பெறாமல் தப்பக் கூடாது என்று அக்காலத்து அமெரிக்கப் படத் தணிக்கை விதி இருந்ததால். அப்படி மாற்றிய பிறகும் நமக்கு வேண்டிய விஷயம் அதில் மிச்சம் இருக்கிறது: மாலை போட்ட படத்துக்குப் பின்னால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது. இந்தக் கதை 1964-ல் "கோஹ்ரா" என்று இந்திக்கும் வந்தது.

தமிழில் விலக்குகள் இல்லாமல் இல்லை. 1974-ல் பாலசந்தர் அவர்களின் "அவள் ஒரு தொடர்கதை"யில் இளம் விதவையான தங்கைக்குப் படத்திலேயே கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை சுடப்படவில்லை, மலையிலிருந்து விழவில்லை. அதற்கு ஈடாக அக்காள் தன் காதலனைத் துறக்க வேண்டியிருந்தது என்றாலும், அந்த மட்டும் சந்தோஷமே. நம்மவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது ஒழுங்கல்ல. 1952-ல் "பராசக்தி" வந்தபோது கோயில் பூசாரியின் யோக்கியதையை அது வெளுத்துக் காட்டியதற்காக நாடே ஆர்ப்பரித்தது. அந்தப் படத்தின் கல்யாணி, குழந்தை பிறந்த அன்றே புருஷனைப் பறிகொடுத்த சிறு பெண். அவள் பட்ட கஷ்டமெல்லாம் தீர்கிறது, குழந்தை கிடைக்கிறது, அண்ணன்மார் கிடைக்கிறார்கள், அண்ணனுக்குப் பெண்ணும் கிடைக்கிறது. கல்யாணிக்கு மட்டும் மாப்பிள்ளை கிடைக்கவில்லை. அவ்வளவு துணிந்த பேனா அந்த ஒரு வரியை எழுதத் துணியாமல் போயிற்றே என்பதில் நமக்கு இன்றும் வருத்தந்தான்.

செத்த பெண்சாதியைப் பற்றிப் புளுகாமல் எழுத முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு 1933-ம் வருஷத்து "குடி அரசை" எடுத்துப் பார்க்கும்படி சொல்லுகிறோம். அவ்வருஷம் மே மாதம் 11-ந் தேதி நாகம்மையார் காலமானார்கள். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கத்திலும் முன்னின்ற அம்மையார். முப்பத்தைந்து வருஷ காலம் ஈ. வெ. ரா. அவர்களோடு வாழ்ந்தவர். ஊரெல்லாம் போற்றுவதற்கு அவர்களிடம் உண்மையாகவே விஷயம் இருந்தது. அப்படிப்பட்டவரைப் பற்றிப் புருஷன் எழுதிய தலையங்கத்தில் தெய்வமும் இல்லை, சொர்க்கமும் இல்லை. தம்முடைய சௌகரியத்துக்கு அம்மையார் எவ்வளவு பயன்பட்டார்கள் என்பதைச் சொல்லி, ஊருக்கெல்லாம் தாம் உபதேசித்த பெண் விடுதலையைத் தம் சொந்தப் பெண்சாதி விஷயத்தில் சரியாக நடத்தவில்லை என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவைத்தார். செத்தவரைத் தூக்கி வைப்பதற்குப் பதில், இருக்கிறவர் தம் கணக்கைத் தாமே படித்துக் காட்டினார். நம் சினிமாக் கதாநாயகர்கள் மாலை போட்ட படத்துக்கு எதிரில் நின்று எத்தனையோ பேசுகிறார்கள். "உன்னை நான் அடித்தேன், உன் கூலியை நான் குடித்தேன், உனக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டேன்" என்று ஒருவனாவது பேசி நாம் கேட்டதில்லை.

சினிமா பொழுதுபோக்குத்தானே, அதைப் போய்த் தலையங்கத்தில் ஆராய்வானேன் என்று சிலர் சொல்லுவார்கள். புராணமும் அப்படிப் பொழுதுபோக்காகத்தான் இரவில் விளக்கு வைத்துப் படிக்கப்பட்டது. விதவை மறுமணத்துக்கென்று டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் 1975 முதல் சர்க்கார் உதவித் திட்டம் இருக்கிறது. பணம் கொடுக்கச் சர்க்கார் தயார், தடுக்கச் சட்டம் இல்லை. இருந்தும் முப்பது வயது விதவை "அவர் இருந்த இடத்தில் இன்னொருவரா" என்று கண்ணீர் விடுகிறாளே, அந்த வசனத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தது யார்? குடித்துவிட்டு வந்து உதைத்தவனைக்கூட, செத்த ஒரு வருஷத்துக்குள் "தங்கமான மனுஷன்" என்று அவள் வாயாலேயே சொல்ல வைப்பது எது? இரண்டாந்தாரமாகப் போன பெண், முதல் நாள் முதல் வேலையாக மூத்தாள் படத்துக்கு விளக்கேற்றும்படி சொல்லப்படுவதும், குழந்தை சோறு வேண்டாமென்றால் "அவள் இருந்திருந்தால்" என்று பாட்டி ஆரம்பிப்பதும், படம் பார்த்து வந்ததா, வீட்டிலிருந்து படத்துக்குப் போனதா என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

படம் எடுக்கிறவர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமல்ல. அமுதாவையும் நளினியையும் மறுபடி ஒரு தடவை கதைக்குள் கூப்பிட்டு, அவர்கள் பக்கத்திலிருந்து வீட்டைப் பார்க்கட்டும். அவர்கள் வந்து இறங்கும் வீட்டில், சுவரில் இருப்பவளும் சாதாரண மனுஷியாக, கோபமும் ஆசையும் உள்ளவளாக, சில நாள் புருஷனோடு பேசாமல் இருந்தவளாக இருக்கட்டும். அப்படி இருந்தால் புதியவள் அவளுக்குப் பயப்பட வேண்டியதில்லை; ஒருவேளை சிநேகிதியாகவே நினைத்துக்கொள்வாள்.

வாசகர்களில் இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவர்களும், விதவையாயிருந்து மறுமணம் செய்துகொண்டவர்களும் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் தங்கள் வீட்டில் அந்தப் படத்தோடு வாழ்ந்த அனுபவத்தை, உள்ளது உள்ளபடி, நாலு வரியானாலும் நமக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெயரும் ஊரும் போடாமல் வரிசையாகப் பிரசுரிப்போம்.